பச்சைத் தேயிலை என்று பெயர் வைத்த செண்டில் தேயிலை எங்கே?

செந்தூல்வாசி
ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். இரண்டு கேள்விகளோடு வந்திருக்கிறேன். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

என் அம்மா கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகிக் கோலாலம்பூருக்கு வந்து 38 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அவருக்கு அறுபது நிறைந்தது. புடவை, சங்கிலி என்று தங்கைகள் வாங்கிவிட்டார்கள். நான் பச்சைத் தேயிலை என்று எழுதியிருந்த ஒரு செண்டை வாங்கிக் கொடுத்தேன். பிறந்த இடத்தின் வாசத்தையே கையில் கொடுக்கிறோம் என்று எனக்குள் அவ்வளவு பெருமை.

அம்மா மணிக்கட்டில் அடித்து முகர்ந்தார். "நல்ல வாசம்தான். எலுமிச்சம்பழமும் ஏதோ பூவும் சேர்ந்த மாதிரி இருக்கிறது. ஆனால் இதில் தேயிலை இல்லையே, பிள்ளை" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

முதல் கேள்வி: அதே செண்டை நானும் அடித்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு அடித்துக்கொண்டு செந்தூலில் ரயில் ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி நடந்து, அலுவலக நாற்காலியில் உட்காரும்போது எதுவும் மிஞ்சவில்லை. ஏன் இப்படி?

இரண்டாவது கேள்வி: உண்மையாகவே தேயிலை வாசம் வீசும் செண்டு இருக்கிறதா? அம்மாவுக்குக் கொடுத்தால், "ஆமாம், இதுதான்" என்று அவர் சொல்ல வேண்டும்.

மாலைமல்லி
ஞாயிறு, இரவு 11.15

செந்தூல்வாசி, உங்கள் அம்மாவின் மூக்குக்கு என் வணக்கம். கடைகளில் பல ஆண்டுகள் முகர்ந்து திரிந்த பிறகே எனக்குப் புரிந்ததை அவர் ஒரே தடவையில் சொல்லிவிட்டார்.

பச்சைத் தேயிலை வாசம் என்று இன்று உலகம் முழுவதும் விற்பனையாவதற்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. 1992. ரோம் நகரத்து நகைக்கடையான பல்கரிக்காக ழான் க்ளோத் எலேனா என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கொலோன், அதாவது மெல்லிய வகைச் செண்டு, செய்தார். பெயர் ஓ பார்ஃப்யூமே ஓ தே வெர். பாரிசில் ஒரு தேயிலைக் கடையில் டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தபோது அவருக்கு அந்த எண்ணம் வந்தது. அந்தக் காலத்துச் செண்டுகளை நினைவிருக்கிறதா? 1980களில் வந்தவை எல்லாம் ஒருவர் மின்தூக்கியில் ஏறினால் அவர் இறங்கிய பிறகும் அங்கேயே நிற்கும். அப்படிப்பட்ட நேரத்தில் நீர்போல மெலிந்த, அருகில் வந்தால் மட்டுமே தெரிகிற ஒரு வாசத்தை அவர் கொண்டுவந்தார்.

எப்படிச் செய்தார் என்பதுதான் அழகு. தேயிலையைப் பிழிந்து எடுக்கவில்லை. அவர் பிடித்த சூத்திரத்தின் எலும்புக்கூட்டில் இரண்டே பொருள்கள்: ஹெடியோன், அயோனோன். ஹெடியோன் மல்லிகையின் காற்று மாதிரி இருக்கும். பூவின் கனம் இருக்காது. அயோனோன் வயலெட் பூவின் வாசம். இரண்டையும் தனித்தனியே முகர்ந்தால் தேயிலை நினைவுக்கு வராது. சேர்த்து முகர்ந்தால் கோப்பையிலிருந்து ஆவி எழுகிறது. அதன்மேல் பெர்கமாட் என்ற நாரத்தை வகைப் பழத்தோலின் எண்ணெய் வைத்தால் கொலோன் ஆகிவிடுகிறது. அம்மா சொன்ன எலுமிச்சையும் பூவும் இவைதாம்.

1994இல் கால்வின் க்ளைனின் சிகே ஒன் வந்தபோது அதிலும் பச்சைத் தேயிலை இழை இருந்தது. 1999இல் எலிசபெத் ஆர்டனுக்காக பிரான்சிஸ் குர்க்ஜான் செய்த கிரீன் டீ இதை எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. நம் ஊர் பேரங்காடிகளிலும் மருந்துக்கடைகளிலும் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். புதினா, எலுமிச்சை, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு, அடியில் கொஞ்சம் பெருஞ்சீரகம், கிராம்பு என்று மசாலாச் சாயலும் உண்டு. முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் இதைப்போல உடம்பைக் குளிர்விக்கும் வாசம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. விலை குறைவு என்பதற்காக இதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போகாது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: அந்தச் செண்டுகள் தேயிலைச் செடியைப் பற்றியவை அல்ல. தேநீர் குடிக்கும் அமைதியைப் பற்றியவை.

நீலக்குறிஞ்சி
திங்கள், காலை 7.05

மறைவது செண்டின் குணமா, போலியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியில் அச்சு மங்கல், மூடி ஆடியது, வாசம் பத்து நிமிடம். அடுத்த தடவை கடைக்குப் போய் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

பினாங்கு அத்தர்
திங்கள், பிற்பகல் 2.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் குடும்பத்துக்கு அத்தர்க் கடை இருக்கிறது. வாப்பா காலத்திலிருந்து நடக்கிறது. மல்லிகை, ரோஜா, சந்தனம், ஊது என்கிற அகில் கேட்டு வந்த கடையில், கொஞ்ச காலமாக இளைய பிள்ளைகள் "பச்சைத் தேயிலை இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். ஆல்கஹால் கலக்காதது வேண்டும், தொழுகைக்குப் போகும்போது போட வேண்டும் என்பார்கள்.

விற்கிறவனே இதைச் சொல்லலாமா என்று வாப்பா கேட்பார். ஆனாலும் சொல்கிறேன். பச்சைத் தேயிலை எண்ணெயில் உட்காருகிற வாசம் அல்ல. அத்தர் தோலோடு ஒட்டிக் கிடந்து சூட்டில் மெல்ல மெல்ல எழும். சந்தனத்துக்கும் ஊதுக்கும் அதுதான் அழகு. தேயிலை வாசத்துக்கு முதல் துள்ளல் வேண்டும். பழத்தோலைக் கிள்ளியதும் முகத்தில் தெறிக்கிறதே, அந்தத் துள்ளல். ஆல்கஹால் பறக்கும்போது அந்த வாசத்தையும் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்புகிறது. எண்ணெய் அதைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடும். அதனால் எங்கள் கடையில் பச்சைத் தேயிலை அத்தர் கேட்பவர்களுக்கு நான் முதலில் மணிக்கட்டில் ஒரு தடவு தடவி, வெளியே ஒரு நடை போய்விட்டு வரச் சொல்வேன். பிடித்தால் வாங்கட்டும்.

தங்கச்சி, ஒரு வழி சொல்கிறேன். வெள்ளைக் கஸ்தூரி என்று விற்கிற மெல்லிய எண்ணெயை ஒரு புள்ளி முதலில் தோலில் தடவுங்கள். அதன்மேல் உங்கள் செண்டை அடியுங்கள். எலுமிச்சை போனாலும் சுத்தமான துணி வாசம் மிஞ்சும்.

ஓய்வு ஆசிரியர்
திங்கள், இரவு 8.50

படிவம் ஆறு மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் வேதியியல் சொல்லிக் கொடுத்தவன் நான். முதல் கேள்விக்கு என்னால் கொஞ்சம் உதவ முடியும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் வாசத்தில் பெரும்பங்கு லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136. சிறியது, இலேசானது, சட்டென்று பறந்துவிடும். ஹெடியோனின் எடை 226. செண்டின் அடியில் வைக்கும் கலாக்சோலைடு என்ற செயற்கைக் கஸ்தூரி 258. எடை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை, ஆனாலும் பொதுவாக இலேசானது முதலில் போகும், கனமானது கடைசியில் போகும். பச்சைத் தேயிலைச் செண்டுகளில் இலேசான பங்கு அதிகம். போதாததற்குக் கொலோன் வகையில் வாசப்பொருளே சுமார் 2 முதல் 5 விழுக்காடுதான். கோலாலம்பூர் வெயில் இதை இன்னும் விரட்டுகிறது. வியர்வை வேறு.

ஆனால் இன்னொரு காரணம் உண்டு. இதை யாரும் சொல்லவில்லை. செண்டு போகாமல் இருக்கும்போதே நமக்குப் போய்விட்டதாகத் தோன்றலாம். அயோனோனுக்கு அந்தக் குணம் பெயர்போனது. கொஞ்ச நேரம் முகர்ந்தால் மூக்கு அதைக் கேட்பதை நிறுத்திவிடும். சற்று விலகி வந்தால் மறுபடி தெரியும். மேலும் பீட்டா அயோனோனை உணர்வது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதற்குக் காரணமான ஒரு மரபணு வேறுபாட்டை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. சிலருக்கு அது பூவாக மணக்கும். சிலருக்குப் புளிப்பாகவோ மிக மங்கலாகவோ தெரியும். செயற்கைக் கஸ்தூரிகளிலும் சிலவற்றைச் சிலரால் முகரவே முடியாது.

ஆகவே, மகளே, ஒரு சோதனை செய்யுங்கள். நாளை காலை வழக்கம்போல் அடித்துக்கொண்டு போங்கள். பத்து மணிக்கு உங்கள் பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள்.

செந்தூல்வாசி
செவ்வாய், பிற்பகல் 1.10

ஐயா, கேட்டேன். "காலையிலிருந்து உங்கள் பக்கம் மழை பெய்த தோட்டம் மாதிரி மணக்கிறது, நான்தான் கேட்கத் தயங்கினேன்" என்றார் பக்கத்து மேசை அக்கா. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் என் மூக்குதான் என்னை ஏமாற்றியிருக்கிறது.

ஹாபு பேரன்
செவ்வாய், இரவு 10.20

எல்லாருடைய பதிலையும் படித்தேன். என் தாத்தாவும் பாட்டியும் கேமரன் மலையில் ஹாபு பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அப்பா தொழிற்சாலையில். நான் பன்னிரண்டு வயதுவரை அங்கேதான் இருந்தேன். மாலைமல்லி அக்கா எழுதியதில் தவறில்லை, ஆனால் எனக்குக் கோபம் வருகிறது. தேயிலை என்று பெயரை எடுத்துக்கொண்டு, படத்தில் கொழுந்தையும் போட்டுவிட்டு, "இது செடியைப் பற்றியது அல்ல" என்றால், அந்தச் செடியோடு வாழ்ந்தவர்கள் என்ன சொல்வது?

செந்தூல்வாசியின் அம்மாவுக்கு எது தேயிலை வாசம் என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

வயலில் நிற்கும் செடிக்கு அவ்வளவாக வாசம் இல்லை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். வெயில் ஏறுமுன் மலைச்சரிவில் நின்றால் ஈர மண்ணும் பனியும்தான் மணக்கும். கொழுந்தைக் கிள்ளினால், அல்லது கத்தரியால் வெட்டினால், புல் அறுத்த பச்சை வாசம் வரும். பாட்டியின் விரல்கள் கறுத்துப்போயிருக்கும். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்தக் கறை போகாது. அந்த விரல்களில் ஒரு துவர்ப்பு வாசம் இருக்கும். இரும்பும் பச்சை இலையும் கலந்தது.

உண்மையான வாசம் தொழிற்சாலையில் பிறக்கிறது. பறித்த இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டுவார்கள். ஓர் இரவு முழுவதும், பன்னிரண்டு மணிநேரத்துக்குக் குறையாமல். இலை துவண்டு துணிபோல ஆகும். அப்போது மாடியில் ஏறினால் பச்சை ஆப்பிள் மாதிரியும் பூ மாதிரியும் ஒரு வாசம் எழும். அப்பாவோடு இரவுப் பணிக்குப் போய் அந்தத் தொட்டியின் ஓரத்திலேயே தூங்கிவிட்ட நாள்கள் உண்டு. பிறகு உருட்டும் இயந்திரத்தில் இலை கசங்கிச் சாறு வெளியே வரும். அதைப் பரப்பி வைத்தால் காற்றுப்பட்டுச் செம்பு நிறமாக மாறும். வாசமும் மாறும், பச்சை போய்ப் பழமும் ரோஜாவும் வரும். கடைசியில் சூட்டு அறை. அங்கேதான் நாம் எல்லாரும் தேநீர் என்று அறிந்த வாசம், வறுத்த தானியமும் வைக்கோலும் சூடான மரமும் கலந்தது, வெளியே வருகிறது. காற்று இறங்கும் பக்கம் லயம் இருந்தால், துவைத்த துணியெல்லாம் அந்த வாசத்தோடுதான் காயும்.

இப்போது முக்கியமான விஷயம். நம் மலையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' (BOH) என்ற தோட்டமாகட்டும், பிறகு வந்தவையாகட்டும், பெரும்பாலும் செய்தது கறுப்புத் தேயிலை. பச்சைத் தேயிலை என்பது வேறு வேலை. இலையைக் காற்றுப்பட்டுச் சிவக்க விடாமல் உடனே சூடு காட்டி நிறுத்திவிடுவார்கள். சீனாவில் சட்டியில் வறுத்து, ஜப்பானில் ஆவியில் வேகவைத்து. ஜப்பானிய இலையில் அதனால்தான் கடற்பாசி மாதிரி ஒரு வாசம் தங்குகிறது. உங்கள் அம்மா பிறந்த லயத்தில் வீசியது பச்சைத் தேயிலையே அல்ல. பெயரில் பச்சை இருந்தாலும், அதை முகர்ந்து அவருக்கு ஊர் நினைவு வரவேண்டிய காரணமே இல்லை.

மாலைமல்லி
புதன், காலை 6.45

தம்பி, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். அந்தத் தொட்டி ஓரத்தில் தூங்கிய பிள்ளையை என்னால் மறக்க முடியவில்லை. கறுப்பும் பச்சையும் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செந்தூல்வாசியின் கேள்வியோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தவறிவிட்டேன். அது என் பிழை.

பெயரைப் பற்றி மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அமிர்தவர்ஷிணி ராகம் பாடும்போது மேடை நனைவதில்லை. மழையின் எந்தத் துளியும் அதில் இல்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கு மழை தெரிகிறது. வாசம் செய்வதும் அப்படி ஒரு கலைதான். தேயிலையிலிருந்தே எடுக்கும் சாறு இருக்கத்தான் செய்கிறது. அதை முகர்ந்தால் வைக்கோலும் புகையிலையும் மாதிரி கனமாக இருக்கும். கோப்பையில் எழும் ஆவி அதில் இல்லை. அசல் பொருளில் இல்லாத உண்மை கலந்து செய்ததில் இருக்கிறது. இன்னொன்று: அயோனோன் வெறும் கற்பனையும் அல்ல. இலையில் இருக்கும் கரோட்டின் உடையும்போது தேயிலையிலேயே பீட்டா அயோனோன் உண்டாகிறது. எலேனா எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவில்லை. நூறு வாசங்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஹாபு பேரன்
புதன், காலை 8.10

தேர்ந்தெடுத்தது கோப்பைக்காரரின் இரண்டு, அக்கா. பறித்தவரின் இரண்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது வேறு செண்டாக இருந்திருக்கும். இதற்குமேல் இதில் நான் வாதிடவில்லை. அயோனோன் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன், நன்றி.

பினாங்கு அத்தர்
புதன், பிற்பகல் 3.00

பெயர் என்றதும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தப் பிரெஞ்சுச் செண்டின் பெயரில் இருக்கும் 'தே', மலாய்க்காரர் சொல்லும் 'தே', நாம் கடையில் "தே ஒன்று" என்று கேட்பது, நம் தேயிலையில் இருக்கும் 'தே' எல்லாம் ஹொக்கியென் மொழி பேசும் சீனக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய ஒரே சொல். எங்கள் தெருவில் அந்த ஹொக்கியென் இன்றும் காலை முதல் இரவுவரை காதில் விழுகிறது. பெயரில் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது.

நீலக்குறிஞ்சி
புதன், இரவு 9.30

இடையில் ஒரு சந்தேகம். இப்படிப்பட்ட செண்டைக் கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும் என்கிறார்களே, உண்மையா?

ஓய்வு ஆசிரியர்
புதன், இரவு 10.05

பெர்கமாட் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் பெர்கப்டன் என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருந்திட்டு வரலாம். பெரிய நிறுவனங்கள் அதை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன அல்லது அளவைக் கட்டுப்படுத்துகின்றன. வீட்டில் சுத்த எண்ணெய் வாங்கிக் கலந்து பூசிக்கொள்கிறவர்கள்தாம் கவனமாக இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் பருத்தித் துணியில் அடியுங்கள். பட்டில் வேண்டாம், கறை விழும்.

புட்டியைக் காருக்குள் வைக்காதீர்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் லிமோனீன் காற்றோடு வினைபுரிந்து கெடும். வாசம் மாறுவது மட்டுமல்ல, கெட்டுப்போன லிமோனீன் சிலருக்குத் தோல் ஒவ்வாமை கொடுக்கும். அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள்.

மாலைமல்லி
வியாழன், இரவு 9.20

செந்தூல்வாசி, தம்பி சொன்னதை மனத்தில் வைத்து யோசித்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகும்போது லெ லாபோ என்ற செண்டு நிறுவனத்தின் தே நுவார் 29 என்பதை முகர வையுங்கள். 2015இல் வந்தது, கறுப்புத் தேயிலை. அத்தி, பிரிஞ்சி இலை வகை ஒன்று, வைக்கோல், புகையிலை, அடியில் நம் வெட்டிவேர். விலை ஆனை விலை, குதிரை விலைதான். வாங்கச் சொல்லவில்லை, முகரச் சொல்கிறேன். முதலில் தாளில் அடித்துப் பாருங்கள். பிடித்தால் தோலில் அடித்து ஒரு மணிநேரம் சுற்றிவிட்டு வாருங்கள். அடித்தவுடன் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு சின்ன வேலை, காசே வேண்டாம். சீனர்கள் மல்லிகைத் தேநீர் செய்ய மல்லிகை மொட்டுகளைப் பகலில் பறித்து, இரவில் அவை விரியும் நேரம் பார்த்து இலையோடு கலந்து வைப்பார்கள். காலையில் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ. இப்படிப் பல இரவுகள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்கிறோமே, அங்கே இலை மணக்கிறது. அவர்கள் பயன்படுத்தும் பூ வேறு எதுவும் அல்ல. நாம் கூந்தலில் வைக்கும் குண்டுமல்லியும் அதுவும் ஒரே இனம். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மாலை வாங்கும் மொட்டில் செய்து பாருங்கள். பச்சைத் தேயிலைச் செண்டில் இருக்கும் அந்தப் பூவின் காற்று எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கே தெரிந்துவிடும்.

செந்தூல்வாசி
பதினேழு நாள்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.15

மன்னிக்கவும், வருட முடிவுக் கணக்கு வேலையில் மாட்டிக்கொண்டேன். எல்லாம் செய்து பார்த்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை அம்மாவைப் பேரங்காடிக்குக் கூட்டிப்போனேன். செண்டுக் கடைக்குள் வரவே கூச்சப்பட்டார். விற்பனைப் பெண் தாளில் அடித்துக் கொடுத்தார். பல்கரியின் பச்சைத் தேயிலையை முகர்ந்து, "இது மருத்துவமனையில் பிறந்த குழந்தையைத் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது" என்றார். பிடித்திருந்தது. ஆனால் "ஆமாம்" வரவில்லை.

பிறகு வேறு கடையில் தே நுவார் 29. தாளில் முகர்ந்தபோது முகத்தைச் சுளித்தார். "ஆம்பளை வாசம்" என்றார். மாலைமல்லி அக்கா சொன்னது நினைவுக்கு வந்ததால், வற்புறுத்தி அவர் கையில் ஒரு முறை அடிக்கச் சொன்னேன். சாப்பிடப் போனோம். நாசி லெமாக் வந்தது, அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர்க் குவளையை எடுக்கக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தி, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இது அடுப்பு அறைப் பக்கம்" என்றார்.

எந்த அடுப்பு அறை என்று கேட்டேன். தொழிற்சாலையில் தூள் காய்கிற இடம், தாத்தா அங்கே மூட்டை பிடித்தார், மத்தியானச் சோறு கொண்டுபோகும்போது வாசலில் நின்றால் இந்த வாசம்தான் முகத்தில் அடிக்கும் என்றார். அவர் தாத்தாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா இறந்தபோதுகூடத் தோட்டத்துக் கதை வந்ததில்லை. அன்று சோறு ஆறிப்போகும்வரை பேசினார். எட்டு வயதில் தூக்குச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கியது. மழையில் கால் வழுக்கிச் சாம்பார் முழுக்கக் கொட்டியது. தாத்தா திட்டாமல் அந்தச் சட்டியில் ஒட்டியிருந்த சோற்றை அவரோடு பகிர்ந்து சாப்பிட்டது. ஹாபு பேரன் அண்ணா, நீங்கள் எழுதிய சூட்டு அறை அதுதானே?

விலையைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார். சிறிய புட்டி வாங்குகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "முகர்ந்தாகிவிட்டது, போதும்" என்றார். அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

மல்லிகைச் சோதனையும் செய்தேன். எதுவும் கலக்காத பச்சைத் தேயிலையை ஒரு டின்னில் கொட்டி, பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய மொட்டுகளை மாலையில் போட்டு மூடினேன். நான்கு இரவுகள், ஒவ்வொரு காலையும் பழைய பூவை எடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் ஈரத்தால் இலை கொஞ்சம் நமுத்தது. விசிறியடியில் உலர்த்தியபின் தொடர்ந்தேன். ஐந்தாம் நாள் வெந்நீர் ஊற்றியதும் சமையலறை முழுக்க மணந்தது. அம்மா கோப்பையை முகர்ந்துவிட்டு, நான் பிறந்தநாளுக்குக் கொடுத்த செண்டை எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் மாறி மாறி முகர்ந்தார். "இப்போது தெரிகிறது. அதில் இருப்பது என் தேயிலை இல்லை. இந்தக் கோப்பை" என்றார்.

அதன் பிறகு அந்தச் செண்டை அவர்தான் பயன்படுத்துகிறார். மத்தியானம் குளித்துவிட்டுத் துண்டில் ஒரு தடவை அடித்துக்கொள்கிறார். எனக்கு வேறு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது ஒரே ஒரு உதவி வேண்டும். அடுத்த மாதம் விடுமுறையில் அம்மாவைக் கேமரன் மலைக்குக் கூட்டிப்போகிறேன். 38 ஆண்டுகளில் இரண்டு தடவைதான் போயிருக்கிறார், இரண்டும் சாவு வீட்டுக்கு. அவர் பிறந்த லயம் இப்போது இல்லை என்று சித்தப்பா சொல்கிறார். பார்வையாளர்களை அனுமதிக்கும் தோட்டத்துத் தொழிற்சாலைக்காவது போகலாம் என்று இருக்கிறேன். எந்த நேரத்தில் போனால் வாசம் கிடைக்கும்?

ஓய்வு ஆசிரியர்
ஞாயிறு, இரவு 9.00

மகளே, உங்கள் அம்மா குளிக்கும்போது வாசமில்லாத சோப்பைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், துண்டில் இன்னும் தெளிவாகத் தெரியும். மலைக்குப் போகும் நாளில் மட்டும் இருவரும் எந்தச் செண்டும் போடாதீர்கள்.

மாலைமல்லி
ஞாயிறு, இரவு 9.10

"அதில் இருப்பது இந்தக் கோப்பை." இதைத்தான் நான் நீட்டி முழக்கி எழுதினேன். அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

ஹாபு பேரன்
ஞாயிறு, இரவு 11.40

ஆமாம் தங்கச்சி, அதே அறைதான். மூட்டை பிடித்தவர்களின் சட்டையில் அந்தத் தூள் ஏறி, துவைத்த பிறகும் போகாது. என் அப்பாவின் ஒரு சட்டையை அம்மா இன்னும் வைத்திருக்கிறார்.

காலையில் சீக்கிரம் மலை ஏறாதீர்கள். கொழுந்து அப்போது வயலில்தான் இருக்கும். காலையில் வெட்டியது எடைபோட்டுத் தொழிற்சாலைக்கு வந்து தொட்டியில் விழ மதியம் தாண்டிவிடும். பிற்பகலில் போங்கள். பார்வையாளர் நடைபாதை பெரும்பாலும் இயந்திரங்களுக்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அங்கே வாசம் பாதிதான் வரும். அதனால் உள்ளே சுற்றிப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். கட்டடத்துக்கு வெளியே வந்து, சூட்டு அறையின் புகைபோக்கி எந்தப் பக்கம் என்று பார்த்து, காற்று இறங்கும் பக்கமாக அம்மாவை நிற்க வையுங்கள். குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வேலை செய்பவர்கள் இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளைகள். கேட்டால் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வாடிய இலை கொடுத்தாலும் கொடுப்பார்கள். கிடைத்தால் அதை அம்மாவின் இரண்டு கைகளிலும் வைத்துக் கசக்கச் சொல்லுங்கள். பிறகு அவர் தானாகவே முகத்தில் வைத்துக்கொள்வார்.